ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய கால்

என் அக்கா காதர் பீவியின் கணவர் அப்துல் வாஹித் மச்சானுக்குப் பல வருடமாகச் சர்க்கரை வியாதி. காலில் முள் குத்தினாலும் தெரியாது. 1962-ல், அவர் தோல் வாங்கிப் பதனிடும் ஷாப்பில், பாதத்தில் ஆணி ஏறியது. தோல் பதப்படுத்தும் ஆவாரம்பட்டைத் தண்ணீரிலேயே அந்தக் காலைத் தினமும் ஊறவைத்தார்.

"ஆட்டுத்தோல அழுகவிடாத தண்ணி, என் தோல மட்டும் அழுகவிட்ருமா?" என்று அக்காவிடம் பெருமை வேறு.

புண்ணின் வாய் இறுகி மூடிக்கொண்டது. நாற்றம் வந்தது, தோல்காரர் வீட்டில் அதை யார் தனியாகக் கவனிப்பது? காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்ட பிறகுதான், அக்காவும் நானும் குதிரைவண்டி பிடித்து டாக்டர் சிவனம்மாளிடம் கொண்டுபோனோம்.

அவர் பாதத்தை அழுத்திப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்தார். சதைக்குள் கறுப்புக் கறுப்பாகக் குமிழிகள்.

"உள்ள அழுகிக் காத்து கட்டியிருக்கு பாய். இப்பவே கிழிச்சுக் கெட்ட சதைய எடுக்கணும். தள்ளிப்போட்டா காலோட நிக்காது, உசிரையும் கொண்டுபோயிரும்."

"கத்தியெல்லாம் வேணாம்மா. மேல பாருங்க, எம்புட்டுக் கெட்டியா இருக்கு! ஊசி மட்டும் போடுங்க."

"ஏங்க, அவுக சொல்றதக் கேளுங்க," என்று அக்கா அழுதாள்.

"நீ செத்த நேரம் சும்மா இரு. வெஞ்சனத்துக்கு உப்புப் பாக்குற வேலையா இது?"

வேறு டாக்டராக இருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பார். சிவனம்மாள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மச்சானின் கையைப் பிடித்து, அவர் பாதத்தின் மேலேயே வைத்தார்.

"பாய், இது உங்க கால் இல்ல. வெலைக்கு வந்த தோலு. தொட்டுப் பாத்துச் சொல்லுங்க, வாங்குவீங்களா?"

மச்சான் சிரித்துக்கொண்டே அழுத்தினார். விரலுக்கடியில் நொறுநொறுவென்றது. கணுக்கால் பக்கம் அழுத்தினார். அங்கேயும் அப்படித்தான். சிரிப்பு நின்றது.

"என்ன பாய்?"

"மேலதான் பதமா இருக்கு. உள்ள கெட்டுப்போயிருச்சு."

"வாங்குவீங்களா?"

"ஓசியில குடுத்தாலும் தொடமாட்டேன்." அக்காவைப் பார்த்தார். "காதர் பீவி, அறுக்கச் சொல்லு."

அன்று மத்தியானமே அறுத்தார்கள். கடைசி இரண்டு விரல்கள் போயின; கால் தங்கியது. பென்சிலினும் இன்சுலினும் மாறிமாறி ஏறின. திறந்து கிடந்த புண்ணை டாக்டரே தினமும் கழுவிக் கட்டினார். நர்ஸ் இருந்தும் அந்த வேலையை யாரிடமும் விட்டதில்லை. அவர் முகம் சுளித்து நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, மச்சான் வெறுங்காலோடு வாசலுக்குக் கிளம்பினார்.

"நில்லுங்க பாய்!" டாக்டர் குனிந்து, அவருக்கென்று வாங்கிவைத்திருந்த புதுச் செருப்பை எடுத்து அவர் காலில் மாட்டப் போனார்.

மச்சான் பதறிக் காலை இழுத்துக்கொண்டார். "ஐயோ டாக்டரம்மா, நீங்க போயி என் காலத் தொடலாமா?"

"அப்ப இம்புட்டு நாளா நான் எதத் தொட்டுக்கிட்டிருந்தேன்? நீட்டுங்க பாய்."

மச்சான் காலை நீட்டினார்.