கடைசி பெஞ்சுக் கண்ணாடிக்காரன்

அந்த மாடி டுட்டோரியலில் அடிப்படை ஆங்கிலம் எடுக்கும் டீச்சருக்கு, புதிதாகச் சேர்ந்த கண்ணாடிக்காரனைப் பார்த்த அன்றே உறுத்தியது. முகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்தவன். கேட்பதோ, "எழுவாய்னா என்ன டீச்சர்?" எங்கேயோ இடிக்கிறதே!

போன மாதம்தான் கணக்கு வாத்தியாருக்கு முதலாளி கல்தா கொடுத்திருந்தார். அடுத்தது தன் தலைதான், வேவு பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறார் என்று டீச்சர் முடிவே கட்டிவிட்டாள். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

சும்மா விடுவாளா? குறை சொல்ல இடமே வைக்கக் கூடாதென்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். மாணவர்களையே வார்த்தைகளாக்கி வரிசையில் நிறுத்தினாள். தையல்காரர் எழுவாய், நர்ஸ் வினைச்சொல், டிரைவர் செயப்படுபொருள்.

"நம்ம பேச்சுல வினை ஆடி அசைஞ்சு கடைசியா வரும். இங்கிலீஷ்ல அதுக்குப் பொறுமை கிடையாது. நர்ஸம்மா, நடுவுல வந்து நில்லுங்க!"

"அப்ப கேள்வி கேக்கணும்னா?" என்றான் கண்ணாடிக்காரன்.

ஆழம் பார்க்கிறான் படவா! டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, அவனையே துணைவினையாக்கித் தையல்காரருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். வகுப்பே சிரித்தது. யார் எங்கே தடுமாறுவார்கள், யாரிடம் எப்படிப் பேசினால் கூச்சம் போகும் என்று வருஷக்கணக்காகப் பட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் அந்த மாதம் முழுக்க அவன் கண்ணெதிரே கொட்டினாள்.

மாதக் கடைசியில் முதலாளி கூப்பிட்டார். அவர் அறையில் கண்ணாடிக்காரன் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். நினைத்தது சரிதான்!

"என்ன குறை சொன்னாரு சார்?" என்று எகிறினாள்.

"குறையா? உங்களைத் தலைமேல தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுறான். இவன் என் மச்சினன்மா. இங்கிலீஷ் தெரியும், சொல்லிக்குடுக்கத்தான் வராது. இப்ப உங்களைப் பார்த்து அதுவும் வந்துருச்சு. அடுத்த மாசத்துலேருந்து உங்க கிளாஸ அவனே பாத்துப்பான். தப்பா எடுத்துக்காதீங்க."

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. வேவுக்காரன் என்று பயந்து, தன் வேலையைத் தானே அவனுக்குப் பழக்கிக் கொடுத்திருக்கிறாள்.

கண்ணாடிக்காரன் எழுந்து நின்றான். "இப்படி யாருமே எனக்குச் சொல்லிக்குடுத்ததில்ல டீச்சர்." நிஜமாகவே சொன்னான், பாவி. "இன்னிக்குச் செயப்பாட்டுவினை எடுக்குறீங்கல்ல? அது மட்டும் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது."

டீச்சர் விடுவிடுவென்று வகுப்புக்கு நடந்தாள். நோட்டும் கையுமாக அவன் பின்னாலேயே வந்தான். அவள் உள்ளே போய், அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு, குரல் வெளியே கேட்காதபடி மெதுவாகப் பாடத்தை ஆரம்பித்தாள்.