பிறவி எஞ்சின்

எங்கள் ஊரில், வண்டியோட்டிகளின் காவலரான புனித கிறிஸ்தோபரின் திருநாளன்று, அவருடைய சொரூபத்துக்குப் பின்னால் முதலில் எந்தக் கார் போக வேண்டும் என்ற விதியை எழுதியவன் நான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், என் கையெழுத்தில், மூன்றே வரி. முதல் வண்டி பழைய ஃபியட் ஐந்நூறு என்ற சின்னக் காராக இருக்க வேண்டும். ஆலையில் அதனோடு பிறந்த எஞ்சினே இன்றும் அதில் இருக்க வேண்டும். சோதிப்பவர் ஊர்ப் பழைய கார் சங்கத்தின் தலைவர். சங்கத் தலைவரும் நான்தான்.

இப்படி ஒரு விதி தேவைப்பட்டதற்குக் காரணம் செகொந்தோ பார்பெரிஸ். ஹேசல்நட் தோட்டக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடத் தெரியாதவர். அவருடைய ஐந்நூறில் நூற்றிருபத்தாறின் எஞ்சின் இருந்தது. நூற்றிருபத்தாறு என்பது ஐந்நூறுக்குப் பின்னால் வந்த தம்பி வண்டி. கொஞ்சம் பெரிய எஞ்சின், அதே போல்ட்டுகள், ஒரு மத்தியானத்தில் மாற்றிவிடலாம். இந்தப் பக்கத்து மலைகளில் பாதிப் பேர் இதைச் செய்திருக்கிறார்கள். யாருக்கும் வெட்கம் கிடையாது. ஆனால் திருநாளன்று முதல் வரிசையில் வந்து நிற்க வெட்கம் வேண்டாமா? சட்டைப் பையில் நான் எப்போதும் வைத்திருக்கும் சின்ன முகக்கண்ணாடியை அவர் வண்டிக்கு அடியில் விட்டு, எஞ்சினில் பொறித்த எண்ணைப் படித்தேன். அத்தனை பேர் முன்னிலையில் உரக்கப் படித்தேன்.

பார்பெரிஸ் என்னை ஒரு கணம் பார்த்தார். "சரிங்க தலைவரே" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கடைசி வரிசைக்கு ஓட்டிப் போனார். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து முதல் வண்டி எங்களுடையது. கில்யானோ குடும்பத்தின் வண்டி. அப்பா அன்செல்மோ 1967-ல் புதிதாக வாங்கியது. கோவில் மேட்டில் மற்ற ஐந்நூறுகள் இரண்டாம் கியரில் இருமிக்கொண்டு ஏறும். எங்களுடையது மூன்றாம் கியரில் ஏறும். "வளர்ப்பு அப்படி" என்பேன் கேட்பவர்களிடம். ஐந்நூறின் கியர்பெட்டி முரடு. கிளட்ச்சை ஒருமுறை மிதித்து, விட்டு, ஆக்சிலேட்டரைத் தொட்டு, மறுபடி மிதித்தால்தான் கீழ் கியர் சத்தமில்லாமல் விழும். நாற்பது ஆண்டுகளாக நான் ஒரு முறைகூடக் கியரைக் கடகடக்க வைத்ததில்லை. ஒற்றை மிதி மிதிப்பவனை நான் ஓட்டுநர் என்று சொல்வதில்லை. என் மருமகள்முறைப் பெண்ணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவள் ஓர்னெல்லா, தங்கை இல்தேயின் மகள். நாற்பத்தொரு வயது, சொந்தமாக மெக்கானிக் பட்டறை, நாக்கிலும் கிரீஸ்தான். திருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது வண்டி ஆயிலைச் சொட்டத் தொடங்கியது. அவளிடம் கொண்டுபோனேன்.

"எஞ்சினைக் கீழ இறக்கணும் மாமா" என்றாள், வண்டிக்கு அடியில் கிடந்தபடி. "இறக்குறது இறக்குறோம், பேசாம நூத்திருபத்தாறோட எஞ்சினை ஒண்ணு போட்டுரலாமா? என்ன குறைஞ்சுபோயிடும்?"

"குடும்பம் குறைஞ்சுபோயிடும்."

"ஏற்கெனவே மூணு பேர்தான் இருக்கோம்."

"வாயை மூடிட்டு போல்ட்டைக் கழட்டு. உன் தாத்தாவோட எஞ்சின் அது. கீறல் விழாம இறக்கு."

இறக்கினாள். ஒழுக்கு எங்கே என்று பார்க்கத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தவள் பேச்சை நிறுத்தினாள். ஓர்னெல்லா பேச்சை நிறுத்தினால் கவலைப்பட வேண்டும்.

"மாமா, உங்க கண்ணாடியைக் குடுங்க."

"எதுக்கு?"

"வேண்டாம், நீங்களே குனிஞ்சு பாருங்க."

பார்த்தேன். 126 என்று தொடங்கியது எண். கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கண்ணாடியில் அழுக்கு இல்லை.

"மேல இருக்கிற தகரம், டைனமோ எல்லாம் பழைய எஞ்சினோடது" என்றாள் மெதுவாக. "யாரோ நல்லா மூடி வெச்சிருக்காங்க. இத்தனை வருஷம் நீங்க பாக்கவே இல்லையா?"

ஊரார் வண்டிகளையெல்லாம் தலைவர் சோதிக்கிறார். தலைவரின் வண்டியை யார் சோதிப்பது?

"இன்னொண்ணும் இருக்கு, கோவப்படாதீங்க" என்றாள். "கியர்பெட்டியும் அதோடதுதான். இதுக்கு ரெண்டு மிதி வேண்டாம் மாமா. ஒண்ணே போதும். இத்தனை வருஷமா நீங்க சும்மா மிதிச்சிருக்கீங்க."

முதல் செய்தியைவிட இது அதிகம் வலித்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

பட்டறைக்கு மேல்தான் இல்தேயின் வீடு. ஒரு தட்டில் ஆப்ரிகாட் பழங்களோடு படியிறங்கி வந்தவள், தரையில் கிடந்த எஞ்சினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டோடு திரும்பி ஏறப் பார்த்தாள்.

"இல்தே. நில்லு."

"அப்பா சத்தியம் வாங்கிட்டாருண்ணே."

"எப்போ?"

"எண்பத்து மூணு. நீ சுவிட்சர்லாந்துல அணைக்கட்டு வேலைக்குப் போயிருந்தியே, அப்ப. நான் வண்டியை எடுத்துட்டுக் கடற்கரைக்குப் போனேன். ஆயில் பாக்கல. வழியிலேயே எஞ்சின் இறுகிப்போச்சு."

"தனியாவா போன?"

இல்தே ஒரு பழத்தை எடுத்துக் கடித்தாள். "அக்கார்டியன் வாசிக்கிற ஒருத்தன்கூட."

"அம்மா!" என்றாள் ஓர்னெல்லா. "அந்த ஆளு என் அப்பாவா?"

"சீ, இல்லடி. உங்கப்பா அதுக்கப்புறம். அவருக்கு வாசிக்கவும் தெரியாது, வண்டி ஓட்டவும் தெரியாது." என் பக்கம் திரும்பினாள். "அப்பா என்னை அடிக்கல, திட்டல. வேற எஞ்சின் போட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு: 'ஓரெஸ்தேவுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அவன் ஞாயித்துக்கிழமை கோவில்லயே அறிக்கை படிச்சிடுவான்.'"

என் தகப்பனாருக்கு என்னைத் தெரிந்திருந்தது.

ஓர்னெல்லா கையைத் துடைத்தாள். "மாமா, ஒழுக்கை அடைச்சு மாட்டிடறேன். இந்த நம்பரை அரத்தால தேய்ச்சுட்டுப் பழைய நம்பரைக் குத்திடலாம், பத்து நிமிஷ வேலை. யாரும் பாக்க மாட்டாங்க. பாக்கிற ஆளே நீங்கதானே?"

என்னுடைய பதிலுக்காக இருவரும் காத்திருந்தார்கள். பதில் உடனே வந்தது என்று எழுத ஆசைதான். அந்தப் பழத் தட்டில் ஒரு பழத்தைத் தேர்ந்தெடுத்து முழுதாகத் தின்னும் வரை வரவில்லை.

"உங்கப்பன் வீட்டு நம்பரா குத்தறதுக்கு?" என்றேன். "ஒழுக்கை மட்டும் அடை."

கோட்டை மாட்டிக்கொண்டு பார்பெரிஸ் வீட்டுக்கு நடந்தேன். அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பியவன் நான். ஊர் வாயிலிருந்து கேட்பதற்கு முன் என் வாயிலிருந்து கேட்பதுதான் முறை. கொட்டகையில் கூடை முடைந்துகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றினேன். நின்றுகொண்டே சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"உங்கப்பாவும் நானும்தான் கூனியோ டவுன்ல பழைய இரும்புக் கடையிலேர்ந்து ரெண்டு எஞ்சினையும் கொண்டுவந்தோம். என் மூணு சக்கர வண்டியில. ஒரே கடை, ஒரே நாள். இதோ இந்தக் கொட்டகையிலதான் ரெண்டையும் மாட்டினோம். உங்கப்பா போல்ட்டுக்குப் போல்ட்டு மாதாவைக் கூப்பிட்டாரு, மரியாதையா இல்ல."

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னால உங்க எண்ணைப் படிச்சேனே. அப்ப ஏன்யா பேசல?"

"வாக்கு குடுத்திருந்தேன்."

"அவர் செத்துப் பதினாறு வருஷம் ஆகியிருந்துச்சு அப்ப!"

"வாக்கு செத்துச்சா?" பிரம்பை வளைத்தபடி கேட்டார். "தவிர, நீ அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா படிச்சே. கெடுக்க மனசு வரல."

பிறகு மூலையில் நின்ற பெரிய ஒயின் குடுவையைத் தாடையால் காட்டினார். குடுவை எதன்மேல் நின்றது என்று அப்போதுதான் பார்த்தேன். எங்கள் எஞ்சின். 1967-ல் பிறந்தது, இறுகிப்போய், கோழி எச்சத்தோடு. குனிந்து எண்ணைப் படித்தேன். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் எண், எனக்கு மனப்பாடம்.

"வேணும்னா எடுத்துட்டுப் போ" என்றார். "குடுவைக்கு வேற கல் பாத்துக்கறேன். உன் மருமகப் பொண்ணு அடுத்த வருஷத்துக்குள்ள ஓட வெச்சிடுவா."

"வேண்டாம். நாப்பது வருஷமா ஆடாம நிக்குது. நிக்கட்டும்."

அவர் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். மோசமான ஒயின், சொல்லவில்லை.

திருநாள் காலை, கோவில் படியில் நின்று எங்கள் வண்டியின் எஞ்சின் எண்ணைப் படித்தேன். பார்பெரிஸின் எண்ணைப் படித்த அதே குரலில். இல்தேயின் பெயரைச் சொல்லவில்லை. அக்கார்டியன் விஷயம் ஊருக்குத் தேவையில்லை. பங்குச் சாமியார் கௌதென்சியோ என் காதருகே வந்தார்.

"ஓரெஸ்தே, எங்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணியிருந்தா போதாதா? மூணு ஜெபம் சொல்லச் சொல்லி விட்டிருப்பேனே."

"சாமி, விதியில பாவசங்கீர்த்தனம் பத்தி ஒரு வரியும் இல்ல."

"விதியை மாத்திடேன்."

"எங்க குடும்பத்துக்கு வசதியா இல்லைன்னா மாத்தறதா? பன்னெண்டு வருஷம் வசதியா இருந்தப்ப மாத்தலையே."

கடைசி வரிசைக்குப் போய் பார்பெரிஸ் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். ஓர்னெல்லா என் அருகில் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் ஊரில் பிறவி எஞ்சினோடு மிஞ்சியது ஒரே வண்டி என்பது அன்றுதான் உறைத்தது. துரின் நகரத்திலிருந்து வந்து குடியேறிய பல் மருத்துவர் ரவேராவின் வண்டி. இரண்டு வருடம் முன்பு இணையத்தில் வாங்கியது. இருக்கைமேல் இன்னும் பிளாஸ்டிக் உறை. வெள்ளைக் கையுறையோடு சொரூபத்துக்குப் பின்னால் போய் நின்றார். பத்து வரிசைக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டு எங்களிடம் வந்தபோது சாமியாரின் வாளி காலி. வெறும் தெளிப்பானை எங்கள் பக்கம் ஆட்டிவிட்டுப் போனார்.

ஊர்வலம் மேட்டில் ஏறியது. பாதியில் மருத்துவர் இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. ஒற்றை மிதி. பன்றியை அறுப்பதுபோல் ஒரு சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. மறுபடி முயன்றார், மறுபடி பன்றி. மூன்றாவது பன்றியோடு வண்டி நின்றே விட்டது. அவருக்குப் பின்னால் இருபத்திரண்டு கார்களும் நின்றன. கிறிஸ்தோபர் மட்டும் நான்கு பேர் தோளில், திரும்பிப் பார்க்காமல் மேலே போய்க்கொண்டிருந்தார்.

பார்பெரிஸ் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். "தலைவரே, பிறவி எஞ்சின் எப்படி ஏறுது பாத்தீங்களா?"

"விதிப்படி ஏறுது" என்றேன்.

அவர் சிரித்ததில் ஹாரனை அமுக்கிவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. கோட்டுக் காலரைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கடைசியில் மருத்துவரை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார்கள். வரிசை நகர்ந்தது. மேட்டின் செங்குத்தான திருப்பத்தில் நானும் கியரை இறக்கினேன். சத்தமே இல்லை.

"மாமா, இப்பவும் ரெண்டு தடவை மிதிச்சீங்க" என்றாள் ஓர்னெல்லா.

"எஞ்சின்தான் வேற ஆளோடது. கால் என்னுது."