பெனினாவின் உபவாசம்

கல்லூரி ஊழியக் குழுவோடு கம்போடியாவில் பாடிப் பிரசங்கிக்கப் போக, ஆரம்பாக்கம் சபையில் கெசியாவைத் தேர்ந்தெடுத்ததும் பெனினாவுக்கு வயிறு எரிந்தது. யூடியூப் பார்த்து அந்த ஊர் பாஷையில் நாலு பாட்டு மனப்பாடம் செய்தவள் இவள். விமானம் ஏறப்போவதோ, மைக்கைப் பிடித்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற அவளாம்!

கெசியாவின் விசாவுக்காக வாலிபர் கூட்டமே வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தது. ஒருத்தர் முறித்தாலும் ஜெபம் வீண் என்றார் பாஸ்டர். பெனினா நேரே கும்மிடிப்பூண்டி பேக்கரிக்குப் போய் இரண்டு முட்டை பப்ஸை நிதானமாகத் தின்றாள்.

சாயங்காலமே விசா வந்துவிட்டது. கெசியா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"நீ பட்டினி கெடந்ததாலதான்டி கெட்ச்சுது! காலைலேர்ந்து ஒண்ணும் துன்னாம கீற, இந்தா."

அதே பேக்கரிப் பொட்டலம். உள்ளே இரண்டு முட்டை பப்ஸ். கெசியா கண்கலங்கிப் பார்த்துக்கொண்டு நிற்க, பெனினா பசித்தவள்போல ஒவ்வொரு வாயாக விழுங்கினாள்.