கணக்கில் வராத இருமல்

வளைகோட்டம்மா என்றால்தான் அந்த அடுக்குமாடியில் எல்லாருக்கும் தெரியும். சுகாதாரத் துறையில், புதுச் சளிக்காய்ச்சல் ஊருக்குள் எப்படிப் பரவும் என்று கணினியில் கணக்குப் போடுகிற உத்தியோகம். ஒருவர் எத்தனை பேருக்கு ஒட்டவைப்பார், அவர்கள் இன்னும் எத்தனை பேருக்கு என்று நாள் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டி, நோய் ஏறுவதையும் இறங்குவதையும் வளைகோடாக வரைந்துவிட்டு வந்தால், படிக்கட்டிலேயே மறித்துக் கேட்பார்கள்: "வளைகோடு எறங்கிடுச்சா?"

இந்த வாரம் இறங்கிவிட்டது, சறுக்குமரம் மாதிரி. சந்தோஷப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. உச்சம் தாண்டிவிட்டது என்று காலையில் அதிகாரிக்கு அனுப்பிவிட்டு மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அதை நம்பி அவர் மூடிக்கிடந்த பள்ளிக்கூடங்களைத் திறக்க முடிவெடுத்தார். மாலையில் அறிவிப்பு.

மதியமே வீடு திரும்பியவளை எதிர்வீட்டு அக்கா மடக்கினாள். அந்த அக்காவுக்குத் தெரியாமல் அங்கே பல்லிகூட முட்டையிடாது.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் குழாயத் தொறந்துவிட்டுத்தான் இருமணுமா? மொட்டைமாடித் தொட்டியே காலியாகுது."

"அவருக்கு இருமலே இல்லையேக்கா."

"உனக்குக் கேக்கக்கூடாதுன்னுதானே குழாய்! நாங்கல்லாம் டிவி சத்தத்தக் கூட்டி வச்சுட்டு இருமறோம்."

"நாங்கன்னா? டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எவ எடுப்பா? பக்கத்துக் கட்டடத்துத் தையல்காரர் யோக்கியமாப் போய் எடுத்தாரு. மொத்தக் கட்டடத்தையும் பூட்டிட்டாங்க. அந்த மனுஷன்கிட்ட இப்ப ஒருத்தரும் பேசறதில்ல."

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். காய்ச்சல் வந்தவர்களில் இத்தனை பங்கு டெஸ்டுக்கு வருவார்கள் என்று ஆரம்பத்தில் ஓர் எண்ணைப் போட்டவள், அப்புறம் அதைத் தொடவேயில்லை. குறைந்தது நோயல்ல, டெஸ்டுக்கு வருகிற ஆட்கள்.

உள்ளே கணவர் போர்வைக்குள் சுருண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா?"

"தொண்டைல லேசா ஏதோ... சொன்னா உன்னையும் வீட்ல உக்கார வச்சிருவாங்களே. அங்க நீ ஒருத்திதானே கணக்குப் போடறே."

"நல்லாப் போட்டேன் போங்க."

திட்டவும் தெம்பில்லாமல் அதிகாரியைக் கூப்பிட்டாள்.

"சார், நோய் குறையல. ஜனங்க டெஸ்டுக்கு வர்றத நிறுத்திட்டாங்க."

"காலைலதானேம்மா எறங்கிடுச்சுன்ன?"

"என் தப்பு சார்."

"ஆதாரம்?"

"என் வீட்டுக்காரர்."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு. "மேலிடத்துல உன் வீட்டுக்காரரக் காட்டியா நான் அறிவிப்ப நிறுத்தறது?"

"ஆஸ்பத்திரிப் படுக்கையப் பாருங்க சார். ஒண்ணும் காலியாகல. ஆஸ்பத்திரிக் கூட்டம் எப்பவும் நோய்க்குப் பின்னாடிதான் குறையும்னு நான்தான் அலட்சியமா விட்டுட்டேன். கட்டடத்தப் பூட்டாம, சும்மா நாலு இடத்துல வீடு வீடா டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. எங்க கட்டடத்துலயே ஆரம்பிக்கட்டும்."

"உன் அக்கம்பக்கத்துல உன்னை உயிரோட விடுவாங்களா?"

"மாட்டாங்க சார்."

அறிவிப்பு தள்ளிப்போனது. சாயங்காலம் முகக்கவசக்காரர்கள் டெஸ்ட் பெட்டிகளோடு படியேறியதும் கதவுகள் வரிசையாகச் சாத்தப்பட்டன. பூட்டமாட்டோம் என்று அவர்கள் தொண்டை கிழியக் கத்தின பிறகு, எதிர்வீட்டுக் கதவு மட்டும் திறந்தது.

"உன்கிட்டப் போய் வாயக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்," என்று முறைத்துவிட்டு அக்கா டெஸ்டுக்கு வாயைத் திறந்தாள்.

வளைகோட்டம்மா கீழ்ப்படியில் உட்கார்ந்து, மடிக்கணினியில் அந்தப் பழைய எண்ணை அழித்தாள். புது எண் இனி மேல்மாடி வீடுகளில் எடுக்கும் டெஸ்டிலிருந்துதான் வரவேண்டும். அங்கே இன்னும் ஒரு கதவும் திறக்கவில்லை.