அங்கிக்குள் இருப்பவர்

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் பாலேந்திரா இறந்து மூன்று வருடமாகிறது; பக்கத்து ஊர் மாளிகையில் தொங்கும் ராசா படத்தில் அவருடைய நெஞ்சு இன்னும் ஏறி இறங்குகிறது.

அந்த ராசா வாழ்ந்தது முந்நூறு வருடங்களுக்கு முன். பழைய ஓவியம் தீயில் கருகிப்போனதால், மாளிகையை நடத்துகிறவர்கள் புதிதாக ஒன்று வரையக் கொடுத்தார்கள். முகத்தைப் பார்த்து வரைய ஒரு நாணயம் இருந்தது, உடம்புக்குத்தான் ஆளில்லை. ஓவியம் வரைந்த டெனிஷ்காரி ட்ராமில் பாலேந்திராவின் அகன்ற தோள்களைக் கண்டு, பக்கத்தில் வந்திருந்து, ராசாவின் உடம்பை வரைய நிற்பீர்களா என்று கேட்டாள். நுரையீரல் வருத்தத்தால் தொழிற்சாலை வேலையை விட்டு வீட்டோடு கிடந்த மனிசன் உடனே ஓமென்றார். அந்த இலையுதிர்காலம் முழுக்க, வெள்ளை மயிர்த்தோல் கரை வைத்த சிவப்பு வெல்வெட் அங்கியைப் போர்த்துச் செங்கோலோடு நின்றார். "அதுக்குள்ள நிக்கேக்க இழுப்பே வரேல்லையப்பா," என்று மனைவி தங்கமலரிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. வீட்டில் படியேறவே அவருக்கு மூச்சு வாங்கியது. படம் முடிந்த மார்கழியில் ஆஸ்பத்திரியில் அந்த மூச்சும் நின்றது.

மாளிகையில் மாட்டிய படத்தில் வெல்வெட் அசைவதை முதலில் கண்ட காவலாளி, காற்றென்று நினைத்து யன்னலைச் சாத்தினார். பிறகு நிபுணர்கள் வந்து ஓவியச் சீலையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, மனித உடம்பின் சூடு இருப்பதாக எழுதிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார்கள். தூசி படாமல் முன்னால் கண்ணாடி போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட தங்கமலர், மகள் சாரங்கியைக் கூட்டிக்கொண்டு நேரே மாளிகை அலுவலகத்துக்குப் போனாள். "கண்ணாடி போட்டா அவருக்கு மூச்சு முட்டுமெண்டு சொல்லு பிள்ளை." சாரங்கி அழுதுகொண்டே டெனிஷில் சொன்னாள். அவர்கள் யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்று கண்ணாடியைக் கைவிட்டார்கள். படத்துக்கு எதிரே அவள் உட்கார ஒரு மர வாங்கும் போட்டுக் கொடுத்தார்கள்.

முதியோர் இல்லத்தில் தனக்கு வேலை இல்லாத சனிக்கிழமைகளில் தங்கமலர் அங்கே போய் இருப்பாள். கழுத்துப் பட்டிக்கு மேலே பார்ப்பதில்லை. அங்கே இருப்பது முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரரின் முகம். கீழே நெஞ்சு மெதுவாக, இழுப்பில்லாமல் ஏறி இறங்கும். இப்படி ஒரு மூச்சை மனிசன் வீட்டில் ஒருநாளாவது விட்டிருக்கக் கூடாதா என்று நினைக்கும்போதுதான் அவளுக்கு அழுகை வரும்.

போன தை மாதம், பூட்டுகிற நேரமாகிவிட்டது என்று காவலாளி வந்து சொன்னபோது, அவள் எழுந்து நின்று முதல்முறையாக ராசாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, அவர் குளிர் தாங்கமாட்டார். அங்கியைக் கழட்ட விடாதேங்கோ," என்று அந்த முகத்திடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.