ஆவ்லினின் அம்மாவுக்குக் கல் வைத்த புதன்கிழமை

கரீபியன் கடலில் இருக்கும் எங்கள் கரியாகு தீவில் ஒருவரைப் புதைத்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. கல்லறையில் கல் வைத்து, ஆடு அடித்து, மேளம் கொட்டி ஊருக்குச் சோறு போடும் வரை செத்தவர் உட்கார இடமில்லாமல் அலைவார். சும்மாவும் அலைய மாட்டார். பிள்ளைகளின் கனவில் வந்து புகார் சொல்வார். ஆவ்லினின் அம்மா ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நின்று நின்று முடியவில்லையாம். மீன் விற்கிற மகளால் கல் வாங்க முடியவில்லை.

அப்போதுதான் சுற்றுலாக் குழுத் தலைவர் ஹோரஸ் பார்படோஸில் ஒரு கருத்தரங்குக்குப் போய்த் திரும்பினார். போகும்போது வெறும் ஹோரஸ்; வரும்போது வாய் நிறையப் பண்பாடு. கப்பலில் வருகிறவர்களுக்குக் கடற்கரை அலுத்துவிட்டதாம், இனி நம்மைத்தான் பார்க்கப் போகிறார்களாம்.

"கல்லு, ஆடு, ரம்மு எல்லாம் குழு பாத்துக்கும்," என்றார். "ஆனா புதன்கிழமை வைக்கணும். அன்னிக்குத்தான் கப்பல் வருது."

"செத்தவங்களுக்குக் கிழமை ஏது?" என்றான் ஆவ்லினின் தம்பி செட்ரிக். ஆவ்லினும் சரியென்று தலையாட்டினாள். அம்மா உட்கார்ந்தால் போதும் அவளுக்கு.

புதன் காலை ஆவ்லின் வீட்டு உள்ளறையில் வெள்ளைத் துணி விரித்து, உருட்டிய சோறும் சோளக்களியும் ஆட்டுக்கறியும் அம்மாவுக்குப் படைத்தார்கள். அவள் தொடும் முன் உயிரோடிருப்பவர் யாரும் தொடக்கூடாது. ஹோரஸ் அந்த அறை வாசலில் 'முன்னோர் உணவு அனுபவம்' என்று ஒரு பலகை மாட்டினார்.

கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் மேளம் கொட்டினோம். ரம்மும் தண்ணீரும் மண்ணில் ஊற்றி அம்மாவை அழைத்தாயிற்று. கப்பல் விருந்தாளிகளைக் காணோம், அலுத்துப்போன கடற்கரையில் குளித்துக்கொண்டிருந்தார்களாம். அழைத்தவளை வெயிலில் நிறுத்திவைக்க முடியுமா? கல்லை வைத்துவிட்டோம். ஆவ்லின் அதன் மேல் உள்ளங்கையை வைத்து, "உக்காந்துட்டா," என்றாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

காலில் ஒட்டிய மணலோடு அவர்கள் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். ஹோரஸ் ஓடி வந்தார்.

"யாரு வைக்கச் சொன்னது?"

"ரம் ஊத்தியாச்சு ஐயா. அம்மா வந்துட்டா," என்றாள் ஆவ்லின்.

"பஸ் வரலையே! சரி, சிமெண்டு ஈரமாத்தான இருக்கு. தூக்கிட்டு மறுபடி வைங்க. அஞ்சு நிமிஷ வேலை."

தலைமை மேளக்காரர் லாஸரஸ் குச்சியைக் கீழே வைத்தார். "நீங்க போய் உங்காத்தாவப் படுக்க வச்சு எழுப்பி, மறுபடி படுக்க வைங்க பாப்போம்."

"எங்கம்மா உயிரோட இருக்காங்கய்யா!"

"அப்ப இன்னும் சுலபம்."

அதற்குள் செட்ரிக் கடப்பாரையோடு வந்துவிட்டான்.

"டேய், ஆறு வருஷமா நின்னுட்டிருந்தாடா அவ!"

"அஞ்சு நிமிஷம் எந்திரிச்சா செத்தா போயிடுவாங்க? வாராவாரம் கப்பல் வருதாம்க்கா. வாராவாரம் ஆடு."

ஆவ்லின் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

விருந்தாளிகள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு அம்மாள் தொப்பியைக்கூடக் கழற்றினாள். பிறகு எல்லாக் கேமராக்களும் ஒன்றாக எழுந்தன. ஹோரஸ் ஒரு கணம்தான் தடுமாறினார்.

"மூத்த மகள் கல்லின் மேல் அமர்ந்து துக்கம் காப்பது இத்தீவின் தொன்மையான வழக்கம்," என்றார் உரத்த குரலில். அந்தத் தொன்மைக்கு அப்போது இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அப்புறம் குனிந்து அவள் காதருகே சொன்னார்: "எந்திரிக்காத தங்கச்சி. ரெண்டாவது பஸ் வருது. நீ உக்காந்திருக்கிற வரைக்கும் கல்லை யாரும் தொட மாட்டாங்க. அடுத்த புதனும் அப்படித்தான்."

அந்தப் பேரம் இன்றும் நடக்கிறது. குழு அவளுக்குக் கறுப்பு உடை தைத்துக் கொடுத்திருக்கிறது. மழை பெய்தாலும் கப்பல் வந்தால் உட்கார வேண்டும். புதன்கிழமைகளில் மீன் விற்பதில்லை. அம்மா கனவில் வருவதை நிறுத்திவிட்டாளாம்.

"சிமெண்டு இறுகிப் பாறையாயிடுச்சு ஆவ்லின்," என்றேன் போன வாரம். "இனிமே எவனால தூக்க முடியும்? எந்திரிச்சு வீட்டுக்குப் போ."

"செட்ரிக் இருக்கான்ல," என்றாள்.

பஸ் வளைவில் திரும்பியது. அவள் கறுப்பு முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.