எட்டாம் லைன் வீடு

பாலத்தை எடுத்தால் யார் வீடு போகும் என்பது சின்னவளுக்குச் செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்குத் தெரிந்தது. கூட்டம் வெள்ளிக்கிழமை. அதற்குள் அக்காவிடமிருந்து ஒன்பது போன் வந்துவிட்டது.

சின்னவள் கட்டட வடிவமைப்பாளர். நகரத்தின் நடுமத்தியில், பழைய பஸ் டிப்போவை இடித்த இடத்தில் எழும்பப்போகும் இரண்டு பதினாலு மாடிக் கட்டடங்களும் அவள் மேஜையில் பிறந்தவை. முதல் கட்டடம் சொந்த வீடு வாங்குகிறவர்களுக்கு. இரண்டாவதை நகர நிர்வாகம் வாடகைக்கு விடும். டிப்போவைச் சுற்றி ஒண்டுக் குடித்தனம் இருந்தவர்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், ஓட்டல் சமையல்காரர்கள் அங்கே வருவார்கள். இரண்டுக்கும் இடையில் மாடிக்கு ஒரு பாலம். ஒன்பது எட்டு வைத்தால் அடுத்த கட்டடம்.

பார்ப்பதற்கு அழகு என்று பத்திரிகையில் படம் போட்டார்கள். பாலத்தின் வேலை அழகு இல்லை. உயரமான கட்டடத்தில் எந்த மாடியிலிருந்தும் தப்பித்து இறங்க இரண்டு படிக்கட்டு வேண்டும் என்பது சட்டம். சின்னவள் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒன்றுதான் வைத்தாள். இரண்டாவது, பாலத்தைத் தாண்டியிருக்கும் பக்கத்துக் கட்டடத்தின் படி. மிச்சமான இடத்தில் மாடிக்கு ஒரு வீடு கூடுதலாகக் கிடைத்தது. ஏழுக்குப் பதில் எட்டு. மேலிருந்து கீழ்வரை ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பதினாலு வீடுகளை அலுவலகத்தில் ஒரு 'லைன்' என்பார்கள். அப்படிப் பிறந்ததுதான் எட்டாம் லைன்.

குலுக்கலில் அக்காவுக்கு விழுந்தது எட்டாம் லைனில் ஒன்பதாவது மாடி.

பாலம் வேண்டாம் என்று கையெழுத்து வாங்கி அலைந்துகொண்டிருந்தவளும் அதே அக்காதான்.

"வேற எங்கயாவது தள்ள முடியாதா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள் சின்னவள்.

ஸ்ட்ரக்சர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூண், உத்தரம், கனம் எல்லாம் அவர் கணக்கு. "பாலத்தை எடுத்தா ரெண்டாவது படி கட்டடத்துக்குள்ளயே வந்தாகணும். அஞ்சாம் லைன்ல வச்சா முதல் படிக்குப் பக்கத்துல வருது. ஒரே புகையில ரெண்டும் அடைச்சுக்கும், தீயணைப்பு ஆபீஸ்ல தூக்கிப் போட்டுடுவாங்க. மூணாம் லைன்ல வச்சா ரெண்டு பக்கத்து வீட்டு பாத்ரூமையும் வெட்டணும்."

"ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல, வெளியில?"

"கீழ தீயணைப்பு வண்டி போற வழி. அங்க தூண் ஊன்ற முடியாதுன்னு நீங்கதானே சண்டை போட்டீங்க?"

அவள்தான் போட்டாள். ஜெயித்தும் இருந்தாள்.

"எட்டாம் லைன்தாங்க. அளவெடுத்த மாதிரி உக்காருது" என்று சார் பென்சிலால் வடகிழக்கு மூலையைத் தட்டினார். அளவெடுத்த மாதிரி உட்காராமல் என்ன செய்யும்? படிக்கட்டுக்கான இடத்தில்தானே வீடே வந்திருந்தது.

அக்கா பெயர் குலுக்கலில் வந்த அன்றே சின்னவள் பாஸிடம் சொல்லியிருந்தாள். அவர் எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். இப்போது மறுபடி போய் நின்றபோது அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"கூட்டத்துக்கு முன்னாடி ஒருத்தருக்குச் சொன்னா நூத்திப் பன்னெண்டு பேருக்கும் சொல்லணும். சொல்றியா?"

"இல்ல சார்."

"அப்ப வெள்ளிக்கிழமை."

புதன்கிழமை மாலை அக்காவே வரச் சொல்லி ஆள்விட்டாள். ஆள் என்றால் மாமாதான், அக்காவின் கணவர். ஒரு தனியார் கம்பெனியில் கிடங்குப் பொறுப்பாளர். வீட்டில் எதற்கும் பொறுப்பு ஏற்றுக்கொள்ளாதவர்.

அக்கா தையல்காரி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஐந்து வாடகை வீடு பார்த்தாயிற்று. ஐந்திலும் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். உச்சி வெயிலில் ஊர் கொளுத்தும்போதும் மெஷினுக்கு மேல் டியூப்லைட் எரியும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தைக்கும் நாளில் கண்ணில் தண்ணீர் கொட்டும்.

சின்னவள் எப்போதோ கொடுத்த வரைபடம் சுவரில் ஒட்டியிருந்தது. வடக்கு ஜன்னலுக்குக் கீழே அக்கா சிவப்புப் பென்சிலால் மெஷினை வரைந்திருந்தாள். பக்கத்தில் துணி வெட்டும் மேஜை, அதன் அளவு, மேஜைக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்க இருபத்தாறு அங்குலம். வடிவமைப்பாளர் வரைந்ததைவிடச் சுத்தமாக இருந்தது.

"எண்பத்தி மூணு" என்றாள் அக்கா, காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு. "எழுபத்தஞ்சு இருந்தா போதுமாம். மூணுல ரெண்டு பங்கு பேர் எழுதிக் கொடுத்தா பிளானை மாத்தணுமாம், சட்டம். வாத்தியார் கணக்குப் போட்டுச் சொல்லிட்டார். உன் பாலம் அவ்வளவுதான்டி."

வாத்தியார் என்பவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். முதல் கட்டடத்தில் இரண்டாம் லைன். மனுவை எழுதியது அவர். பஸ் ஏறி இறங்கி வீடு வீடாகப் போனது அக்கா.

"அந்தப் பாலம் உன்னை என்ன பண்ணுச்சு?"

"யார் யாரோ வருவாங்க. நம்ம மாடியில, நம்ம வாசல்ல."

"யார் யாரோன்னா?"

"வாடகைக்கு இருக்கறவங்க."

"நீ இப்ப எதுல இருக்கே?"

மாமா சிரித்துவிட்டு, சட்டென்று செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"நீங்க ஒண்ணும் சிரிக்க வேணாம்" என்றாள் அக்கா செய்தித்தாளைப் பார்த்து. "ஆமா, வாடகைக்குத்தான் இருக்கேன். அதனாலதான் சொல்றேன். இருபத்திரண்டு வருஷம் வாசல்ல அடுத்தவன் செருப்பைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன். இப்பவாவது என் வாசல் என் வாசலா இருக்கட்டும்."

சின்னவள் சுவரில் இருந்த சிவப்பு மெஷினைப் பார்த்தாள். விஷயம் வாய்வரை வந்தது.

"அக்கா, மனுவை வெள்ளிக்கிழமை உடனே நீட்டிடாதே. முதல்ல நாங்க போடற படத்தைப் பாரு. பாத்துட்டு முடிவு பண்ணு."

"பாத்தீங்களா! பயந்துட்டா!" அக்கா கைதட்டினாள். "சின்ன வயசுல கேரம்ல தோக்கும்போதும் இப்படித்தான் பேசுவா. 'இரு, இரு, போர்டைப் பாரு'ன்னு."

சின்னவள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். வாசலில் யாருடையதோ செருப்பு நான்கு ஜோடி கிடந்தது. தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

கூட்டம் நகர நிர்வாகத்தின் மூன்றாவது மாடி அரங்கில். நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களில் தொண்ணூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். இரண்டாவது கட்டடத்துக்குக் குடிவரப்போகிறவர்களில் ஒருவரும் அழைப்பில்லாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். துண்டை மடித்து மடியில் வைத்திருந்த விதத்தில், வேலைக்கு நடுவே வந்தவர் என்று தெரிந்தது.

வாத்தியார் மனுவை வகுப்பில் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தார். பாதுகாப்பு, அமைதி, தனிமை. கடைசி வரியில் குரலை ஏற்றினார். "இந்த மாற்றத்தால் நம்மில் ஓரிருவருக்குச் சிரமம் ஏற்படினும், பெரும்பான்மையோரின் நன்மை கருதி அதை ஏற்றுக்கொள்கிறோம்!"

கைதட்டல். முன் வரிசையில் அக்காதான் பலமாகத் தட்டினாள். அந்த வரி அவள் சொல்லி எழுதியது.

சின்னவள் எழுந்து திரையில் படத்தைப் போட்டாள். பாலம் உள்ள மாடி. அடுத்து, பாலம் இல்லாத மாடி. வடகிழக்கு மூலையில் வீட்டுக்குப் பதிலாகப் படிக்கட்டு, சாம்பல் நிறத்தில்.

"பாலம் இல்லன்னா ரெண்டாவது படி உள்ளே வரணும். மத்த இடங்களையும் பாத்தோம், ஏன் முடியலங்கறது உங்க கையில இருக்கற தாள்ல இருக்கு. எட்டாம் லைன்ல பதினாலு வீடும் இருக்காது. அந்த வீட்டுக்காரங்களுக்கு ரிங் ரோடுல அடுத்து கட்டற கட்டடத்துல இடம் கொடுப்பாங்க. நாலு வருஷம் ஆகும்."

அரங்கெங்கும் தாள் புரண்டது. எல்லோரும் தங்கள் ஒதுக்கீட்டு எண்ணைத் தேடினார்கள். பிறகு ஒரு பெருமூச்சு; தொண்ணூறு பேரில் எண்பது பேர் விட்டது.

"பதினாலுதானே?" என்று யாரோ நிம்மதியாகச் சொன்னார்.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெஷின் வரைந்த இடத்தில் படிக்கட்டு ஏழு படி ஏறி, திரும்பி, இன்னும் ஏழு படி ஏறியது.

வாத்தியார் அவள் பக்கம் குனிந்தார். குரலில் உண்மையான பரிவு இருந்தது. "வருத்தப்படாதீங்கம்மா. ரிங் ரோடுல காத்து நல்லா வரும். நீங்களே சொன்ன மாதிரி, பெரும்பான்மையோரின்..."

"வாத்தியாரே."

"சொல்லுங்கம்மா."

"கொஞ்சம் வாயை மூடுங்க."

கடைசி வரிசையில் மூட்டை தூக்குகிறவர் எழுந்தார். "நான் ஒண்ணு கேக்கலாமா? எங்க கட்டடத்துலயும் இதே மாதிரி ஒரு லைன் போகுமா?"

"போகும்" என்றாள் சின்னவள். "அங்கயும் பதினாலு."

"சரி. எங்ககிட்ட யாரும் கையெழுத்து கேக்கல. வாடகைக்காரங்க, போகட்டும். ஒரு விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன், லாரி நிக்குது." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "உங்க மாடியில நடந்து எங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. மூட்டை தூக்கிட்டு வந்தவன் படுப்பானா, பாலத்துல உலாத்துவானா? ஆனா தீன்னு ஒண்ணு வந்தா நீங்க எங்க படியில இறங்கலாம். நீங்க யாருன்னு நாங்க கேக்க மாட்டோம்."

அவர் போய்விட்டார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அக்கா எழுந்து மேடைக்கு வந்தாள். சின்னவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. மேஜையிலிருந்த மனுவைத் திருப்பி, பதினேழாவதாக இருந்த தன் கையெழுத்தைத் தேடி, அதன்மேல் கோடு போட்டாள். துணியில் வெட்டுக்கோடு போடுகிறவளின் கோடு. ஒரே இழுப்பு, நேராக.

"என்னம்மா, நீங்களே இப்படி..." என்றார் வாத்தியார்.

"நான் ஓரிருவர்ல ஒருத்தி, வாத்தியாரே. அந்த வரியை எழுதும்போது அது வேற யாரோன்னு நினைச்சேன்." பேனாவை நீட்டினாள். "எட்டாம் லைன்காரங்க வாங்க."

மனுவில் கையெழுத்துப் போட்டிருந்த எட்டாம் லைன்காரர்கள் மொத்தம் பதினொருவர், அக்காவையும் சேர்த்து. மற்ற பத்துப் பேரும் வரிசையில் நின்று தங்கள் கையெழுத்தை அடித்தார்கள். வாத்தியார் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. போடாமலும் அவரால் இருக்க முடியவில்லை.

"எழுபத்திரண்டு" என்றார். "மூணு குறையுது."

சாயங்காலம் ஐந்து மணிவரை அவகாசம் இருந்தது. கையெழுத்துப் போடாதவர்களிடம் அவர் ஒவ்வொருவராகப் போனார். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "அடுத்தது எங்க லைனா சார்?" ஐந்து மணிக்கும் எழுபத்திரண்டுதான். பாலம் பிழைத்தது.

அக்கா சின்னவளோடு ஐந்து வாரம் பேசவில்லை. பேச வேண்டியதெல்லாம் மாமா வழியாக வந்தது. "உங்க அக்கா நல்லா இருக்காங்கன்னு சொல்லச் சொன்னாங்க" என்று அவர் போனில் சொல்லும்போது, பின்னால் "நான் ஒண்ணும் சொல்லல" என்று கேட்கும்.

ஆறாவது வாரம், வேலை நடக்கும் இடத்தில் தகரக் கொட்டகைக்குள் பாலத்தின் ஒரு மாதிரியைக் கட்டினார்கள். நிஜ அளவு. தரை, கைப்பிடிச் சுவர், இரண்டு பக்கமும் கதவு. வீட்டுக்காரர்கள் வந்து பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். இரண்டாம் நாள் அக்கா வந்தாள், கழுத்தில் டேப் தொங்கியபடி. வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தவள்போல் இருந்தாள்.

அகலத்தை அளந்தாள். கைப்பிடிச் சுவரின் உயரத்தை அளந்தாள். ஒன்பது எட்டு நடந்து போய்த் திரும்பி வந்தாள்.

"நான் கையெழுத்துக்காக வீடு வீடா அலைஞ்சப்ப உனக்குத் தெரியுமா?"

"முதல்ல தெரியாது. கூட்டத்துக்கு மூணு நாள் முன்னாடி தெரிஞ்சது."

"காபி குடிச்சியே, அன்னிக்கு?"

"தெரியும்."

"கல்லுளிமங்கி" என்றாள் அக்கா. டேப்பைச் சுருட்டி மறுபடி பிரித்தாள். "போர்டைப் பாருன்னு இன்னும் கொஞ்சம் அழுத்தமா சொல்லியிருக்கலாம்."

"நீ கைதட்டினே."

அக்கா கதவருகே போனாள். "இதுக்குப் பூட்டு?"

"கிடையாது. ரெண்டு பக்கமும் தள்ளினா திறக்கும். பூட்டினா சட்டப்படி தப்பு."

அக்கா கதவைத் தள்ளினாள். திறந்தது. கையை எடுத்தாள். கதவு வந்து படாரென்று சட்டத்தில் மோதியது. தகரக் கூரையே அதிர்ந்தது. வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது என்னடி இது? ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வர்றவன் படுத்திருப்பான். இப்படி அடிச்சா எப்படித் தூங்குவான்?"

"யாரு?"

"யாரோ" என்றாள் அக்கா. "ரப்பர் வை. அதோட மெதுவா மூடற மாதிரி ஏதாவது வை, அந்தக் கூட்ட அரங்கத்துல இருந்ததே, அது மாதிரி."

சின்னவள் நோட்டை எடுத்தாள். மாடிக்கு இரண்டு கதவு, பதினாலு மாடி. 'இருபத்தெட்டுக் கதவுக்கும் ரப்பர்' என்று எழுதினாள். அக்கா எட்டிப் பார்த்து, சரியாகத்தான் எழுதியிருக்கிறாளா என்று உறுதி செய்துகொண்டு, இன்னொரு முறை கதவைத் தள்ளினாள். இந்த முறை அது மோதும்வரை விடவில்லை. கையாலேயே பிடித்து மெல்லச் சாத்தினாள்.